சீர்த்தட்டில் வைத்த கையுறை

ராஜபாளையம்
2-9-2025

அன்புத் தங்கை செல்வலட்சுமிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்டால், "வந்து கண்ணால பாத்துட்டுப் போயேன்" என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே வரைக்கும் கேட்கும். அதனால் கேட்கவில்லை.

என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். பக்கத்துக் கடைக்காரர் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். மூச்சு விட்டதிலேயே கண்டுபிடித்து வைத்துவிட்டாய். உன் மதினி முனீஸ்வரி அடித்தால் தெருக்கதை முழுக்கப் பேசுகிறாய். நான் கையில் வாங்கியதும் லைன் செத்துப்போகிறது. சரி, தபால்காரருக்காவது வேலை இருக்கட்டும் என்று பேனாவை எடுத்துவிட்டேன். பஸ் ஏறி ஒரு கடலைப் பொட்டலம் தீர்வதற்குள் வந்துவிடுகிற ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தபால் போடுகிறவன் இந்த ஊரிலேயே நான் ஒருத்தன்தான் இருப்பேன். தபாலாபீஸ் அம்மா முகவரியைப் பார்த்துவிட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார்.

மாப்பிள்ளைக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று முனீஸ்வரி சொன்னாள். வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் மிச்சம் என்றாள். நடுவிரல் மடங்க மாட்டேன் என்கிறதாம். நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரசம் ஊற்றவா என்று அவள் கேட்டது என் காதில் விழவே இல்லையாம்.

ஆஸ்பத்திரிக்கு நான் வராததற்குக் காரணம் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் இருமல் பிடித்தது. இருமல் நின்றதும் கடையில் ஸ்டாக் கணக்கெடுப்பு. அதனால்தான் முனீஸ்வரியையும் ஆப்பிளையும் அனுப்பிவைத்தேன்.

இத்துடன் ஒரு பார்சல் வரும். மாப்பிள்ளை வெளியே தெருவே போகும்போது மாட்டிக்கொள்ள மெத்தென்று ஒரு ஜோடி கிளவுஸ். நம் கடையிலேயே ஒசத்தியான சரக்கு. யாரும் வெறித்துப் பார்க்க மாட்டார்கள். என்னாலான உதவி.

அண்ணன்,
பாண்டிதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
7-9-2025

அண்ணனுக்கு,

உன் குரலைக் கேட்பதில்லை என்று கோயிலில் நின்று சத்தியம் செய்திருக்கிறேன். எழுதுவதைப் பற்றி சத்தியத்தில் எதுவும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பார்சலைப் பிரித்தேன். அவரும் பக்கத்தில் இருந்தார். மெத்தென்றுதான் இருந்தது. போட்டும் பார்த்தார். அண்ணே, நீ அனுப்பியது ஐந்து விரல் கிளவுஸ். ஒரு விரலில் பாதிக்கு மேல் உள்ளே ஒன்றும் இல்லாமல் மடிந்து தொங்கியது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழற்றி, மடித்து, மறுபடியும் அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தார். திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் கடை ஸ்டாக் கணக்கில் சேர்த்துக்கொள்.

எங்கள் புது வீட்டுப் பால் காய்ச்சுக்கு நீ சீர் கொண்டுவந்த அழகை நான் மறக்கவில்லை. ஊரில் அண்ணன்மார்கள் தட்டில் பழம் வைப்பார்கள், பட்டு வைப்பார்கள், வெள்ளி விளக்கு வைப்பார்கள். நீ அதோடு கிளவுஸ் வைத்தாய். போதாததற்கு மைக்கை வேறு பிடித்துக்கொண்டாய். "கரண்டு வேலை பாக்குற இம்மானுவேலுக்கு ரப்பர் கிளவுஸ்! கூமாப்பட்டிச் சித்தப்பா மருந்தடிக்க நைட்ரைல் கிளவுஸ்! எதுத்த வீட்டு அண்ணாச்சி பால்கோவாச் சட்டி எறக்க சூடு தாங்குற கிளவுஸ்! எங்க வீட்டு மாப்பிள்ளை வேலுவுக்குச் செவப்புல பின்னுன ஸ்பெசல் கிளவுஸ்! இனி அவிய கையில ஒரு கீறல் விழுந்தா நான் பொறுப்பு!" பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எல்லாருக்கும் சரியாகத்தான் கொடுத்தாய். இவருக்கு மட்டும் தப்பாகக் கொடுத்தாய். டிரில்லிங் மெஷினில் நிற்கிறவனுக்குக் கிளவுஸே ஆகாது என்று உனக்குத் தெரியாதா? பின்னல் நூல் டிரில்லில் சிக்கினால் கை பின்னாலேயே போகும் என்று கிளவுஸ் விற்கிற உனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு போன் செய்தாயே. "மாப்ள, நாளைக்குப் பட்டறைக்கு வாரேன். கிளவுஸோட மெஷின்ல நிக்கிற மாதிரி ஒரு போட்டோ. கடை ஸ்டேட்டஸ்ல போடணும். கழட்டிராம இருங்க" என்று நீ சொன்னதைப் பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். இவர் மாட்டிக்கொண்டே டிரில்லில் வேலை பார்த்தபடி காத்திருந்தார். நீ வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பட்டறை முதலாளி சமுத்திரம் அண்ணாச்சி ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் பார்த்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் இவரை மேற்பார்வையிலிருந்து எடுத்துவிட்டு வாசலில் உட்காரச் சொல்லப்போகிறார். "மெசினுக்கு மேல ‘கிளவுஸ், மோதிரம் கூடாது’ன்னு போர்டு எழுதிப் போட்டதே வேலுதான். அவனே மீறுனா மத்தப் பயலுகளுக்கு நான் என்ன புத்தி சொல்ல?" என்கிறார். ஏன் மீறினாய் என்று கேட்டதற்கு இவர், "கவனக்குறைவு அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பெண் எடுத்த வீட்டின் பெயர் கெட்டுவிடக்கூடாதாம்.

நீ பட்டறைக்குப் போய், அங்கே வேலை பார்க்கிறவர்கள் முன்னால் நடந்ததைச் சொல். எனக்கு ஆப்பிள் வேண்டாம்.

செல்வலட்சுமி


ராஜபாளையம்
12-9-2025

தங்கைக்கு,

பார்சல் வந்தது. ஐந்து விரல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. முனீஸ்வரி கேட்டாள், "ஒங்களுக்கு மூளை இருக்கா, இல்ல அதுக்கும் உறை போட்டு வச்சிருக்கீகளா?" நியாயமான கேள்வி.

எந்த வேலைக்கு எந்தக் கிளவுஸ் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெல்டிங்கா, தோல். கண்ணாடி, தகடு தூக்கவா, வெட்டுத் தாங்குகிற கிளவுஸ். ஆசிட்டா, முழங்கை வரை வருகிற ரப்பர். மூட்டை ஏற்றவா, உள்ளங்கையில் புள்ளி வைத்த நூல் கிளவுஸ். சுற்றுகிற எதற்கும் கிளவுஸ் கிடையாது. வெறுங்கை, மடித்துவிட்ட சட்டைக் கை. கம்பெனி ஆள் முதல் நாளே சொல்லித் தந்த பாடம் அது. ஆனால் பார், "உங்களுக்கு எங்கள் சரக்கு வேண்டாம்" என்று சொல்ல எந்தக் கடைக்காரனுக்கு வாய் வரும்?

மாப்பிள்ளைக்கு ஏன் அதை வைத்தேன் என்று யோசித்தேன். நல்ல காரணம் ஏதாவது கிடைக்கும் என்றுதான் யோசித்தேன். கிடைத்தது இதுதான்: தட்டில் மஞ்சள் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் சிவப்பு எடுப்பாக இருந்தது. ஒரு மனிதனுடைய விரலுக்கு வந்த காரணம் இவ்வளவுதான், செல்வம்.

அன்றைக்கு நான் வராமல் இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவன் ஒருவன் பிடித்துக்கொண்டான். டீ வாங்கித் தந்தான். எதிர்வீட்டுப் பையன் ஓடிப்போன கதையைச் சொன்னான். கதை நன்றாக இருந்தது. முடிவு தெரியாமல் எழ மனசு வரவில்லை. பட்டறை வாசலுக்கு வந்தபோது மாப்பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் துண்டு சுற்றியிருந்தது. துண்டு வெள்ளையாக இல்லை. நான் லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். போனை எடுத்துக் காதில் வைத்து, யாரிடமோ பேசுகிறவன் போல நின்றேன். பிறகு எதிரே வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். காய்ச்சல் என்று எழுதினேன் அல்லவா, அது பொய்.

சமுத்திரம் அண்ணாச்சிக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பட்டுமா? நேரில் என்றால், அந்தப் பயல்கள் எல்லாருக்கும் என்னைத் தெரியும். "கிளவுஸ் மாமா" என்று கூப்பிடுகிறவர்கள். ஊரில் ஒருவன் பேர் எடுப்பது லேசா? இந்தச் சேதி மில்காரர்கள் காதுக்குப் போனால், நாளைக்கு என்னிடம் யார் கிளவுஸ் வாங்குவார்கள்?

எழுதி முடித்துவிட்டுத் திரும்பப் படித்தால் கடைசி வரி எனக்கே நாறுகிறது. ஆனாலும் அடிக்காமல் விடுகிறேன்.

பாண்டிதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
18-9-2025

அண்ணனுக்கு,

கடிதமெல்லாம் வேண்டாம். மைக்கில் பேசத் தெரிந்தவனுக்கு நேரில் பேசத் தெரியும்.

இவர் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது வலது கை பேன்ட் பைக்குள் போய்விடும். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் வெளியே வரும். கல்யாண வீட்டில் இலையில் உட்கார மாட்டேன் என்கிறார், பசிக்கவில்லையாம். கோயிலில் பிரசாதம் கொடுத்தபோது இடது கையை நீட்டினார். ஐயர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். இவர் வாங்காமலே வந்துவிட்டார். அடிபட்டவன் எதற்காக வெட்கப்பட வேண்டும்? நீதான் பெரிய பேச்சுக்காரன் ஆயிற்றே, சொல்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். உன்னைத் திட்டும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். அன்று காலையில் இவர் அந்தக் கிளவுஸைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "செல்வம், மெசின்ல இது ஆவாது. மச்சான் வரும்போது மட்டும் மாட்டிக்கிடுதேனே" என்றார். நான்தான், "எங்க அண்ணன் ஆசையா வச்ச சீரு. அவன் வந்து பாக்கும்போது ஒங்க கையில இல்லாட்டி எனக்கு என்ன மரியாத? போறப்பவே மாட்டுங்க" என்று திரும்பவும் பைக்குள் திணித்தேன். இதை இவர் இன்றுவரை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டினாலாவது சண்டை போடலாம்.

செல்வலட்சுமி


ராஜபாளையம்
24-9-2025

செல்வம்,

உன் கடிதத்தை முனீஸ்வரிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை. அவளே வாங்கிப் படித்தாள். நான் உண்மையைச் சொல்லிக் கொடுத்திருந்தால் நீ திணித்திருப்பாயா? மாட்டாய். உன் பங்கையும் என் பெயரில் எழுதிக்கொள். எனக்கு உடம்பு பெரிது, தாங்கும்.

நேற்று தளவாய்புரத்திலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். லேத்தில் வேலை பார்க்கிற தன் தம்பிக்கு நல்ல கிளவுஸ் வேண்டும் என்றார். "லேத்துக்குக் கிளவுஸ் கிடையாதுங்க. சுத்துற மெசின்கிட்டப் போட்டா கையைப் பிடிச்சு இழுத்துரும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கிளவுஸ் கடைய வச்சுக்கிட்டுக் கிளவுஸ் கிடையாதுங்கீரு. ஒமக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனார். அங்கே வாங்கியிருப்பார். நான் பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு நல்ல புத்தி வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

இன்னொரு கேவலத்தையும் கேள். திங்கட்கிழமை உங்கள் ஊருக்கு வந்தேன். நேராகப் பட்டறைக்கே போனேன். சமுத்திரம் அண்ணாச்சி நாற்காலி போட்டார். "என்னய்யா, திடீர்னு?" என்றார். வாயைத் திறந்தேன். "மழை வரும் போலிருக்கே அண்ணாச்சி" என்று வந்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கன?" என்றார். அப்புறம் மேற்குமலையில் மேகம், வ.புதுப்பட்டியில் நெல் விலை, அவருடைய சம்பந்தி வீட்டுச் சண்டை என்று எல்லாம் பேசினோம். டீ குடித்தேன். வந்துவிட்டேன். மாப்பிள்ளை அப்போது உள்ளே இரும்புக் கம்பிகளைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

கையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, செல்வம். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு நான் வேடிக்கையாகப் பேச முடியாது. வேடிக்கையைக் கழித்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பாண்டிதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
27-9-2025

அண்ணே,

நீ வந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனதை இவர் சொன்னார். "மச்சான் வந்துட்டுப் போனாவ. பாவம், முகமே சரியில்ல" என்றார். பாவமாம். உன்னைப் பார்த்து இவர் பாவப்படுகிறார். அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

புதன்கிழமை பட்டறையில் ஆயுத பூஜை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வருஷம் முழுக்க மேற்பார்வை பார்க்கப்போகிறவர்தான் மெஷினில் முதல் சந்தனப் பொட்டு வைப்பார். இத்தனை காலம் இவர்தான் வைத்தார். இந்த முறை வேறு ஆளைச் சொல்லப்போகிறார் அண்ணாச்சி, எல்லார் முன்னாலும். போகாதீர்கள் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். "போகாம இருந்தா கோவிச்சிக்கிட்ட மாதிரி இருக்கும் செல்வம்" என்கிறார். கையைப் பையில் விட்டுக்கொண்டு, இன்னொருவன் பொட்டு வைப்பதைப் பார்த்துவிட்டுப் பொரி வாங்கிக்கொண்டு வரப்போகிறார்.

நீ வந்தால் வா. வராவிட்டால் அதற்குப் பிறகு தபால் செலவு செய்யாதே. அவிய கையை வேண்டுமானால் பார்க்க வேண்டாம். வாயை மட்டும் திற.

செல்வலட்சுமி


ராஜபாளையம்
3-10-2025

செல்வம்,

வந்தேன். மாப்பிள்ளை உன்னிடம், "நல்லா நடந்துச்சு" என்று இரண்டே வார்த்தையில் முடித்திருப்பார். அவர் வாயிலிருந்து மூன்றாவது வார்த்தையை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அதனால் மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

பட்டறையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, மெஷின்களுக்கெல்லாம் மாலை போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை ஷட்டர் ஓரமாக நின்றார். நீ சொன்னது போலவே கை பைக்குள். என்னைப் பார்த்ததும் பயல்கள், "வாங்க கிளவுஸ் மாமா!" என்று கூடிவிட்டார்கள். நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, அதற்குள் ஒருவன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

சமுத்திரம் அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, "இந்த வருசம் மொதப் பொட்டு..." என்று தொடங்கினார். நான் கையைத் தூக்கினேன்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்யா. நீரு பேசாம எந்த விசேசம் நடந்திருக்கு?"

சிரித்தார்கள். நான், "மாப்பிள்ளை கிளவுஸ் போட்டது என்னாலதான். போட்டோ எடுக்க வாரேன், கழட்டிராம இருங்கன்னு போன் பண்ணது நான்" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். மாமா ஏதோ ஆரம்பிக்கிறார் என்று வாகாகச் சாய்ந்து நின்றுகொண்டார்கள்.

"நெசமாத்தான்டா சொல்லுதேன். மெசினுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சே குடுத்தேன். தட்டுல செவப்பு எடுப்பா இருந்துச்சுன்னு குடுத்தேன்."

அதற்குத்தான் பெரிய சிரிப்பு. ஒருவன் பொரியைச் சிந்திவிட்டான். "ஏலே, மாமா மூஞ்சியப் பாருலே! அழுவுற மாதிரியே பண்ணுதாரு!" என்று இன்னொருவன் அடுத்தவன் முதுகில் அடித்தான். "ஆட்டோவுல ஏத்தும்போது லாரிக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னேன்" என்றேன். கை தட்டினார்கள். செல்வம், இத்தனை வருஷமாக நான் வாயைத் திறந்தால் சிரிக்க வேண்டும் என்று இந்த ஊர்களைப் பழக்கியிருக்கிறேன். பழக்கியது வீண்போகவில்லை. நிஜத்தைச் சொல்லச் சொல்ல வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் அழுதது உண்மை. அது இன்னும் நன்றாக எடுபட்டது.

அப்போதுதான் ஷட்டர் ஓரத்திலிருந்து சத்தம் வந்தது.

"சிரிக்காதீகலே!"

மாப்பிள்ளை கையைத் தூக்கியிருந்தார். வலது கையை. கூட்டத்தை அடக்க எல்லாரும் தூக்குவது போலத்தான் தூக்கினார். பையிலிருந்து எடுத்துவிட்டோம் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. "மச்சான் நெசத்தத்தான் சொல்லுதாவ" என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எல்லாரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீ எழுதியதை விட, முனீஸ்வரி சொன்னதை விட அது சின்னதாக இருந்தது. தையல் போட்ட இடம் குழந்தையின் உதடு மாதிரி சிவந்திருந்தது. நடுவிரல் மடங்காமல் தனியாக நின்றது.

அண்ணாச்சிதான் முதலில் பேசினார். "ஏம்ப்பா வேலு, இத நீ எங்கிட்டச் சொல்லல?"

"யாரு சொன்னாலும் போட்டது என் கைதான அண்ணாச்சி."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருக்கும் புத்தி கிடையாதுன்னு சொல்லும்" என்றார். மன்னித்ததாக ஒரு வார்த்தை வரவில்லை. "ஒரு வருசம் பாப்பேன். இனிமே எவன் சீரு குடுத்தாலும் வீட்டோட வச்சுட்டு வரணும்" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை மாப்பிள்ளையிடம் நீட்டினார். மாப்பிள்ளை கட்டை விரலால் சந்தனத்தை எடுத்து டிரில்லிங் மெஷினில் பொட்டு வைத்தார். பயல்கள் என் பக்கம் திரும்பாமல் வேறு எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் "கிளவுஸ் மாமா" என்று கூப்பிடுவார்களா, தெரியாது.

எல்லாம் முடிந்து வாசல் படியில் உட்கார்ந்து பொரி தின்றோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன்.

"வலிக்குதா மாப்ள?"

"வலியெல்லாம் போயிருச்சு மச்சான். அரிப்புத்தான் தாங்கல. அதுவும் எங்கன தெரியுமா? இல்லாத பாதியில. அம்புட்டு அரிக்குது, எங்கன சொறியன்னு தெரியல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மாப்பிள்ளை வேடிக்கையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நல்ல வேடிக்கை. நானாக இருந்தால் அதை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். நான் சிரிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, செல்வம். அவர் கையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டு பஸ் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன். அவரும் கையை எடுக்கவில்லை.

பாண்டிதுரை